போர்கில்ட் வேண்டாம் என்ற பாதை

சாலை இரண்டாகப் பிரியும் இடத்தில், காப்பிக்கடை வாசலில், படுக்கையோடு கூடிய தன் வீட்டு வண்டியை ஹால்வர் நிறுத்தினார். இடப்பக்கம் சுரங்கப்பாதை. பதினோரு கிலோமீட்டர், நல்ல அகலம், வழி நெடுக விளக்கு. வலப்பக்கம் பழைய மலைப்பாதை. ஜூன் பிறந்தும் அதன் ஓரங்களில் பனிச்சுவர் ஆளுயரம் நின்றது.

வண்டி ஏழரை மீட்டர் நீளம். மலைக்கு அப்பால் ஓர் ஊரில் அதை வாங்க ஆள் காத்திருந்தார். இதுதான் கடைசி ஓட்டம்.

"இதைத் தூக்கிட்டு மேலயா போறீங்க?" கடைக்காரப் பெண் வாஃபிள் மேல் பழுப்புச் சீஸைச் சீவி வைத்தாள். "ஆடே அங்க ஒருக்களிச்சுத்தான் நடக்குது."

"நல்லாச் சொல்லுங்க," என்றாள் மகள் இங்குன். "நான் சொன்னா அவர் காதுல ஏறாது."

ஹால்வர் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

இங்குன் அம்மாவின் குறிப்பேட்டைப் புரட்டினாள். போர்கில்ட் ஒவ்வொரு பாதைக்கும் ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தாள். அகலம், சரிவு, எந்த வளைவில் தான் இறங்கி வழி சொல்ல வேண்டும் என்பது வரை. இந்தப் பாதைக்கு மட்டும் ஒரே வரி: குறுகல், மூடுபனி, வேண்டாம்.

"அம்மாவே வேண்டாம்னுதானே எழுதியிருக்கா. சுரங்கத்துல போலாம்ப்பா."

"அந்த இடத்தை ஒரு தடவை பாக்கணும். உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். அங்க வச்சுச் சொல்றேன்."

இங்குன் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு குறிப்பேட்டை மூடினாள்.

போன ஜூனில், அதே பாதையில், எதிரே ஒரு பேருந்து வந்தது. ஹால்வர் ஒதுங்குமிடம் வரை பின்னோக்கி எடுக்க வேண்டியிருந்தது. வண்டியில் பின்பக்கக் கேமரா கிடையாது. "எனக்குத்தான் போர்கில்ட் இருக்காளே," என்பார் எல்லோரிடமும். அவள் வாக்கி-டாக்கியோடு இறங்கிப் பின்னால் போய் நின்றாள். அதன் ஜோடி இவருடைய முன்தட்டில் இருந்தது.

அவள் உடலைப் பள்ளத்திலிருந்து எடுத்தார்கள். அவளுடைய வாக்கி-டாக்கி கிடைக்கவில்லை. மூடுபனியில் கால் வழுக்கியது என்று போலீஸ் எழுதியது.

ஒரு வருடமாக இங்குன் கேட்டது ஒன்றுதான். "அம்மா ஏன்ப்பா அந்த வாக்கி-டாக்கில ஒரு வார்த்தை சொல்லல?"

மேலே ஏற ஏற வெளிச்சம் பாலாக வெளுத்தது. முதலில் பள்ளத்தாக்கு மறைந்தது. அப்புறம் பனிச்சுவர். கடைசியில் வண்டியின் மூக்கும் மறைந்தது. ஈரக்கல்லின் வாடை உள்ளே வந்தது. துடைப்பான்களின் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை.

இரண்டு மஞ்சள் விளக்குகள் எதிரே முளைத்தன.

பேருந்து.

அதன் ஓட்டுநர் தலையை வெளியே நீட்டினார். "அரண்மனையோட மலை ஏற வேற நாள் கிடைக்கலையா உனக்கு? என் பின்னால மூணு கார் நிக்குது. நீதான் பின்னால எடுக்கணும்."

ஒதுங்குமிடம் நாற்பது மீட்டர் பின்னால் இருந்தது. அதன் நீலப் பலகையை இப்போதுதான் கடந்து வந்திருந்தார்கள். எந்த ஒதுங்குமிடம் என்று ஹால்வருக்குத் தெரியும்.

இங்குன் கதவில் கை வைத்தாள். "நான் இறங்கிப் பாத்துச் சொல்றேன்."

"இறங்காதே!"

அவர் அப்படிக் கத்தி அவள் கேட்டதில்லை. கையை எடுத்துவிட்டாள்.

அவர் பின்கியரைப் போட்டார்.

"வா."

முன்தட்டிலிருந்துதான் வந்தது. மெல்லிய குரல், நடுவே காற்றின் இரைச்சல்.

"வா... வா... இன்னும் கொஞ்சம்."

இங்குன் மூச்சை இழுத்துப் பிடித்தாள். ஹால்வரின் கை தானாகத் திரும்பியது. முப்பத்தைந்து வருடப் பழக்கம். வலதில் கொஞ்சம் என்றது குரல், ஒடித்தார். நேரா என்றது, நேராக்கினார்.

"நில்லு."

நிறுத்தினார்.

பேருந்து உரசாமல் கடந்து போனது. ஓட்டுநர் நன்றிக்குக் கையைத் தூக்கினார். பின்னால் மூன்று கார்களும் போயின.

"நில்லு," என்றது குரல்.

"நின்னுட்டேன், போர்கில்ட்."

"நில்லு ஹால்வர். நில்லு, நான் இங்க இருக்கேன். இடமில்ல. நில்லு. ஹால்வர்! நில்லு!"

பிறகு கல் சரியும் சத்தம்.

பிறகு வெறும் இரைச்சல்.

இங்குன் வாக்கி-டாக்கியைப் பார்த்தாள். அதன் ஒலிக்குமிழ் சுழியத்தில் இருந்தது. மேலே ஒரு வருடத் தூசி, விரல் படாமல்.

"அம்மா சொன்னாளா?" என்றாள் கிசுகிசுப்பாக. "அன்னைக்கு அம்மா சொன்னாளா?"

"காலையிலேர்ந்து எந்த வழின்னு சண்டை. அவ சுரங்கம்னா, நான் மலைன்னேன். இறங்கினப்புறமும் இதுல, நான் சொன்னேன்ல, நான் சொன்னேன்லன்னுட்டே இருந்தா." ஹால்வர் ஸ்டியரிங்கைப் பார்த்தே பேசினார். "குமிழைத் திருப்பி அணைச்சுட்டேன். பின்னால போய்ட்டே இருந்தேன்."

இங்குன் அழவில்லை. வாக்கி-டாக்கியை எடுத்து, பின்மூடியைத் திறந்து, பேட்டரி இரண்டையும் கழற்றி இடக்கையில் இறுக்கிக்கொண்டாள். கருவியைக் கோட்டுப் பைக்குள் போட்டாள். இறங்கும் வழி முழுவதும் இடக்கையைத் திறக்கவில்லை.

கீழே வெயில் அடித்தது. வாங்க வந்தவர் குண்டான, சிரித்த முகக்காரர். வண்டியைத் தட்டிப் பார்த்தார். படுக்கையில் உட்கார்ந்து பார்த்தார். "நானே கொட்டகைக்குள்ள ஏத்திப் பாக்கட்டுமா? என் பொண்டாட்டி நான் இடிச்சுடுவேன்னு பந்தயம் கட்டியிருக்கா," என்று ஓட்டுநர் இருக்கையில் ஏறினார். இங்குன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்பா எங்கே போனார் என்று அவள் பார்க்கவில்லை. பார்க்கப் பிடிக்கவில்லை.

வண்டி பின்னோக்கி நகர்ந்தது.

அவள் கோட்டுப் பை இரைந்தது.

"விலகு, ஹால்வர்."

அவள் வலக்கையால் பையை அமுக்கினாள்.

"விலகு. போதும். விலகு."

"நிறுத்துங்க!" என்று அலறினாள். "நிறுத்துங்க, நிறுத்துங்க!"

வண்டி குலுங்கி நின்றது. இங்குன் குதித்துப் பின்னால் ஓடினாள்.

கொட்டகைச் சுவருக்கும் வண்டிக்கும் நடுவே ஹால்வர் நின்றுகொண்டிருந்தார். கைகள் இரண்டும் தொங்கின. ஒதுங்க இருபுறமும் இடமிருந்தது. அவர் ஒதுங்கவில்லை. வண்டிக்கும் அவர் நெஞ்சுக்கும் ஒரு சாண் இருந்தது.

"அவ குரல் கேட்டுச்சு," என்றார். "இங்குன், உனக்கும் கேட்டுச்சா?"

அவள் வலக்கையால் அவர் சட்டைக் கையைப் பிடித்தாள். அந்த ஒதுங்குமிடத்துக்குப் பின் அப்போதுதான் அவரிடம் பேசினாள்.

"வாப்பா. இந்தப் பக்கம் வா."

அவர் ஓர் அடி வைத்தார்.

"இன்னும் கொஞ்சம்," என்றது பை, மெதுவாக.

இங்குன் இடக்கையை விரித்துப் பார்த்தாள். பேட்டரி இரண்டும் அங்கேதான் இருந்தன.