கிரோவிக்கின் கடுகு நத்தை

பகல் பன்னிரண்டேகால். கிரோவிக் ஊர்மன்றத்துச் சமையலறையில் ஃபிரிட்ஜைத் திறந்த மாரித் அப்படியே நின்றுவிட்டாள். கண்ணாடிக் குப்பி இருந்தது. அதற்குள் தண்ணீரும் இல்லை, நத்தையும் இல்லை.

கடுகளவு நத்தைதான். ஆனால் உறையும் அளவுக்குக் குளிர்ந்த எங்கள் கடலடியைத் தவிர உலகத்தில் வேறெங்கும் அதை யாரும் கண்டதில்லை. பெரிய துறைமுகங்களுக்கெல்லாம் கிடைக்காத பெருமை இது. அதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. நாளை அரசாங்கக் குழு வருகிறது. கண்டெடுத்த ஆசிரியை மாரித் அதை உயிரோடு காட்டினால் செம்புச் சுரங்கத்தின் சகதி எங்கள் கடலுக்கு வராது. இல்லையென்றால் வரும்.

மாரித் கூப்பிட்டதும் போலீஸ்காரி இங்குன் பின்பக்கமாக வந்தாள். சமையலறை ஜன்னலுக்கு வெளியே பனியில் ஒரு பழுப்புக் கறை. பக்கத்தில் கைப்பிடிப் பனியை யாரோ வழித்தெடுத்த தடம். பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனாள்.

கூடத்து மேஜையில் மாரித்தோடு இரண்டு பேர். சுரங்கத்துக்கு நிலம் விற்ற எகில். நத்தையைப் பார்க்க எதிர்க்கரை ஸ்குல்னெஸிலிருந்து வந்த மீனவன் ஹால்வார். அவன் காலடியில் அவனுடைய பிளாஸ்க்.

"சமையலறைக்கு யார் போனீங்க?"

"மூணு பேரும்தான்," என்றாள் மாரித். "நீ எகிலைக் கேளு."

"நிலத்தைத்தான் வித்தேன், நத்தையைத் தின்னலை," என்று எகில் பைகளைக் கவிழ்த்துக் காட்டினான்.

"அது எவ்வளவு நேரம் தாங்கும், மாரித்?"

"இந்த அறைச் சூட்டுல கொஞ்ச நேரம்கூடத் தாங்காது. வெளியே வச்சா உறைஞ்சிரும்."

ஹால்வார் கோப்பையை நீட்டினான். "இன்னொரு வாய் காப்பி ஊத்து. எனக்குப் படகு வந்துரும்."

மாரித் கெட்டிலிலிருந்து ஊற்றினாள். இங்குன் உட்கார்ந்தாள்.

"எனக்கு உன் பிளாஸ்க்ல இருந்து கொஞ்சம் ஊத்து, ஹால்வார்."

"ஆறிப் போச்சு."

"பரவாயில்லை, ஆறினதே குடு."

அவன் பிளாஸ்க்கைக் காலால் நாற்காலிக்கு அடியில் தள்ளினான்.

"கொல்ல வந்தவன் நசுக்கிட்டுப் போயிருப்பான்," என்றாள் இங்குன். "இவன் தண்ணியோட எடுத்திருக்கான். உயிரோட வேணும்னு எடுத்திருக்கான். அதனால எகில் இல்லை. உறையாம, சூடேறாம வைக்க இங்க என்ன இருக்கு? உன் பிளாஸ்க்தான். நீ ஜன்னலுக்கு வெளியே காப்பியைக் கொட்டிட்டு, பனியை அள்ளிப் போட்டு பிளாஸ்க்கை ஆத்தியிருக்கே. எல்லாம் சரி. ஆனா பிளாஸ்க்கைப் பக்கத்துல வச்சுக்கிட்டு, ஒருத்தருக்கும் ஊத்தாம, அடுத்தவ காப்பியைக் கேட்டுக் குடிக்கிறவனை நம்ம ஊர்ப் பக்கத்துல நான் இன்னிக்குத்தான் பாக்கறேன்."

எங்கள் பக்கத்தில் சட்டைப்பையைச் சோதிப்பார்கள். அடுத்தவன் பிளாஸ்க்கை மட்டும் யாரும் திறக்க மாட்டார்கள். ஹால்வார் அதைத்தான் நம்பியிருந்தான்.

"உங்க கடல் தப்பிச்சா சகதிக் குழாய் நேரா எங்க கடலுக்குத்தான் வரும்," என்றான் அவன், தலையைத் தூக்காமல். "எங்ககிட்டயும் இருக்குன்னு காட்டலாம்னு பாத்தேன்."

மாரித் பிளாஸ்க்கைக் குப்பியில் கவிழ்த்து, பூதக்கண்ணாடியைப் பிடித்தாள். நத்தை மெதுவாக இரண்டு கொம்புகளையும் நீட்டியது. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"நாளைக்கு அந்தக் குழு போனதும் வலையோட உங்க கடலுக்கு வர்றேன்," என்றாள். "உங்க அடிக்கடலும் இதே குளிர்தானே. பொய்யா எதுக்குக் காட்டணும்?"

"இல்லாமப் போனா?"

"நத்தை இல்லாட்டி என்ன? நாங்க ஊரோட உங்க கரையில வந்து நிப்போம்."

"புகார் எழுதணுமா?" என்று இங்குன் கேட்டாள்.

"எதுக்கு? நத்தை ஃபிரிட்ஜ்லதானே இருக்கு," என்றபடி மாரித் குப்பியை உள்ளே வைத்தாள்.

எகில் கெட்டிலை எடுத்து ஹால்வாரின் பிளாஸ்க்கை நிரப்பினான். ஹால்வார் முதல் கோப்பையை இங்குனுக்கு ஊற்றினான். கடலுப்புக் கரித்தது. அவள் முழுவதும் குடித்தாள்.