கரும்பு கடிக்கும் சத்தம்

இடது காலின் சுண்டுவிரலில் நகம் இல்லை.

தொட்டியடியில் கால் கழுவும்போதுதான் நாகையா அதைப் பார்த்தார். நேற்று இருந்த நகம். இரத்தம் இல்லை, வலியும் இல்லை. நகம் இருந்த இடம் மட்டும் செதுக்கி எடுத்தது போல ஈரமாக, வெளிறித் தெரிந்தது. கரும்புக் கட்டையில் இடித்திருக்கும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, இடுப்பில் சுற்றியிருந்த சுலு வேட்டியைக் கணுக்காலுக்குக் கீழே இறக்கிக் கட்டினார். சக்கரை வியாதி வந்து ஆறு வருடமாக அந்தக் காலில் உணர்ச்சி கிடையாது. அதை அவர் யாரிடமும் சொன்னதும் கிடையாது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மாலை ஆறு மணிக்கு ஆக்லாந்திலிருந்து மகன் ரவீந்திரா போனில் கூப்பிடுவான்.

ஃபிஜியின் தலைநகர் சூவாவில் துப்பாக்கியோடு பார்லிமெண்டுக்குள் ஆட்கள் புகுந்த அந்த மே மாதத்துக்குப் பிறகு அவர்கள் ஊரான தவுவாவில் கதவுக்குக் கதவு பூட்டு விழுந்தது. கரும்பு வெட்டிய இந்தியக் குடும்பங்கள் இரவோடு இரவாகப் பெட்டி கட்டின. ரவீந்திராவும் மருமகள் சுமித்ராவும் கிளம்பிய அன்று நாகையா வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"எங்கப்பா கப்பல்ல வந்து, கூலி வேல செஞ்சு கட்டுன வூடு. இதுக்குப் பூட்டுப் போட நான் வுட மாட்டேன். ஓடறவன் ஓடு."

மகன் ஒரே ஒரு நிபந்தனை வைத்தான். வாரா வாரம் கூப்பிடுவான். அப்பாவுக்கு முடியவில்லை என்று தெரிந்தால் அடுத்த விமானத்தில் வந்து வீட்டைப் பூட்டி அவரை அழைத்துப் போவான். நாகையா ஒப்புக்கொண்டார். ஒன்றரை வருடமாக எல்லா ஞாயிற்றுக்கிழமையும் ஒரே பதில்தான் சொன்னார்: எல்லாம் நல்லா இருக்கு.

போகும்போது அவர்கள் இரண்டு டேகுக் குட்டிகளை விட்டுப் போனார்கள். வதுகூலா தங்கச் சுரங்கத்தில் ரவீந்திராவுக்கு மேலதிகாரியாக இருந்த சிலி நாட்டு என்ஜினீயர், கலவரத்துக்குப் பயந்து ஓடும்போது அவனிடம் திணித்துவிட்டுப் போனவை. அணில் அளவு. எலி முகம். வால் நுனியில் தூரிகை போல மயிர். முன்பற்கள் நல்ல ஆரஞ்சு நிறம்.

"வாலப் புடிக்காதீங்க மாமா, தோல் உருவிக்கினு வந்துரும்" என்று சுமித்ரா தனக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில் சொன்னாள். "இனிப்பு குடுக்கக் கூடாது, கண்ணு போயிரும். ஆணும் பொண்ணுமா இருந்தா சேத்து வுடாதீங்க. பாத்துட்டுப் பிரிங்க."

இரண்டுக்கும் அடிவயிற்றில் ஒரே மாதிரி சின்னக் கூம்பு இருக்குமாம். அதற்கும் பின்துளைக்கும் நடுவே இடைவெளி இருந்தால் ஆண், ஒட்டியிருந்தால் பெண். நாகையா கண்ணாடி கூடப் போடவில்லை. எத்தனை கன்று, எத்தனை ஆடு பார்த்த கண்! இரண்டையும் புரட்டிப் பார்த்து, "ரெண்டும் பொட்டை" என்று தீர்ப்புச் சொல்லி ஒரே கூண்டில் விட்டார்.

பழக்குவது அவருக்குப் பிடித்திருந்தது. உள்ளங்கையைக் கூண்டுக்குள் நீட்டி, அசையாமல் வைத்திருக்க வேண்டும். துரத்தக் கூடாது, பிடிக்கக் கூடாது. பயம் தெளிந்தால் தானே வரும். பத்து நாள் அப்படி உட்கார்ந்திருந்தார். பதினோராம் நாள் ஒன்று வந்து உள்ளங்கையில் ஏறியது. ஓட்ஸ் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். கரும்புக்காரன் வீட்டில் கரும்புக்குத் தடையா? சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு துண்டு சீவிக் கொடுத்தார். அது பின்னங்காலில் நிமிர்ந்து உட்கார்ந்து, துண்டை இரண்டு கைகளாலும் ஏந்தி, மெல்லச் சுற்றிச் சுற்றிக் கடித்தது. விருந்துக்கு வந்தவனைப் போல மரியாதையாகச் சாப்பிட்டது.

மூன்று மாதத்தில் கூண்டில் எட்டு இருந்தன.

மயிரோடும் திறந்த கண்ணோடும் பிறந்த ஆறு குட்டிகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. பக்கத்து வயல் ஷம்சு இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ரெண்டு பொட்டை சேந்து குட்டி போட்டிச்சா அண்ணே? பள்ளிவாசல்ல சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்டான்!"

அந்தச் சிரிப்பை நாகையா மறக்கவில்லை. எல்லாவற்றையும் யாருக்கோ கொடுத்துவிட்டதாகச் சொல்லிவிட்டு, மகனுடைய அறைக்குள் கூண்டைத் திறந்து வைத்துக் கதவைச் சாத்தினார். மறுபடி ஆண் பெண் பார்த்துப் பிரிக்கவில்லை. பிரித்தால் முதலில் பார்த்தது தப்பு என்று ஆகிவிடும்.

அவை பெருகின. தினமும் காலையில் கரும்பை நறுக்கிப் போட்டார். மெத்தையைக் கிழித்துக் குவியலாக உறங்கின. பகலெல்லாம் அந்த அறையிலிருந்து குருவிக் கூட்டம் போல ஒரு கீச்சொலி வந்துகொண்டிருக்கும். காலி வீட்டில் அது அவருக்குப் பேச்சுத் துணையாகக்கூட இருந்தது.

பிறகு கண்கள் வெளுத்தன. முதலில் தாய்க்கு, கண்மணிக்குள் ஒரு சொட்டுப் பால் விட்டது போல. பிறகு ஒவ்வொன்றாக எல்லாவற்றுக்கும். கடைசியாகப் பிறந்த குட்டிகள் வெள்ளைக் கண்ணோடுதான் பிறந்தன. பிறந்த நிமிடமே திறந்திருந்த கண்கள், எதையும் பாராத கண்கள். ஆனாலும் அவர் அறைக்குள் எந்த மூலைக்கு நகர்ந்தாலும் அத்தனை முகங்களும் அந்தப் பக்கம் திரும்பின.

போன மாதம், ஷம்சு வாசலில் கூப்பிட்ட நேரத்தில் ஒன்று கதவிடுக்கில் வெளியே பாய்ந்தது. நாகையா பதறிப் பிடித்தார். வாலைப் பிடித்தார். ஈரக் காலுறை போல ஏதோ அவர் விரல்களுக்குள் கழன்று வந்தது. டேகு கத்தவில்லை. சிவந்த எலும்பாக நீண்ட வாலோடு நின்று, வெள்ளைக் கண்ணை அவர் பக்கம் உயர்த்தியது. பிறகு மெதுவாக உள்ளே போனது.

அன்றிலிருந்து அறையில் கீச்சொலி இல்லை.

நாற்பது இருக்கும். ஐம்பது இருக்கும். ஒன்றும் சத்தம் போடுவதில்லை.

மதியம் மூன்று மணிக்கு ஷம்சு வந்தார். உட்காரச் சொல்லுமுன் மூக்கைச் சுருக்கினார். எரிந்த கரும்பு வாசத்துக்கு அடியில், புளித்த மூத்திரமும் கெட்ட இறைச்சியும் கலந்த ஒரு நெடி.

"இன்னா அண்ணே, உள்ள ஏதாச்சும் செத்துக் கெடக்குதா?"

"வயல்ல பெருச்சாளி."

ஷம்சுவின் பார்வை கீழே இறங்கியது. சுலு விலகியிருந்தது. "யா அல்லா! கால்ல இன்னா? வெரலு பாதி காணோம்!"

நாகையா குனிந்து பார்த்தார். காலையில் நகம்தான் இல்லை. இப்போது சுண்டுவிரலின் முனையும் இல்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நாற்காலியில் கொஞ்சம் கண்ணயர்ந்திருந்தார். அவ்வளவுதான்.

"கட்டையில இடிச்சிக்கினேன்."

"கட்டை கடிக்குமா? பல்லு பட்ட மாதிரி கீது. எந்திரி அண்ணே, லாரி கீது, ஆஸ்பத்திரி போலாம். இல்லன்னா ரவீந்திராவுக்கு நானே போன் போடறேன்."

"போட்டியா, அப்பறம் இந்தப் படி ஏறாத. என் வூட்டு விசயம் என் வூட்டோட. பொட்டையா ஆணான்னு சிரிச்ச வாய்தானே அது? போ வெளிய!"

ஷம்சு வாசல் பக்கம் திரும்பினார். தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். "ஏற மாட்டேன், போ. முப்பது வருச சினேகத்த ஒரு எலிக்காக வுட்டுட்ட."

"எலி இல்ல" என்றார் நாகையா. "டேகு."

லாரி போன சத்தம் அடங்கியது. வெயில் சாய்ந்தது. தகரக் கூரை குளிர்ந்து டிக் டிக் என்று சுருங்கத் தொடங்கியது. எங்கோ கரும்பு ரயில் ஒருமுறை ஊதியது; அதற்குப் பிறகு சாலையில் ஆள் நடமாட்டம் இல்லை. கலவரத்துக்குப் பின் பொழுது சாய்ந்தால் யாரும் வெளியே வருவதில்லை. நாகையா போன் வைத்திருந்த மேஜை அருகே பிரம்பு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். விளக்கைப் போட்டார். விளக்கைச் சுற்றி வெள்ளையாக ஒரு புகை. கண்ணைத் துடைத்தார். புகை போகவில்லை. கொஞ்ச நாளாகவே அப்படித்தான். விளக்கு பழசு.

மகனுடைய அறைக் கதவைப் பார்த்தார்.

கதவின் அடியில் ஒரு துளை இருந்தது. முஷ்டி அளவு. ஓரங்கள் வழவழவென்று, பல நாள் வேலை. அறைக்கு உள்ளே மரத்தூள் இல்லை, அதனால் அவை கதவைக் கடிக்கவில்லை என்று நேற்று அவர் ஆறுதல்பட்டிருந்தார். தூள் வெளியே கிடந்தது. நாற்காலி வரை, கோடாக.

போன் அடித்தது.

"சப் டீக், பா?" எல்லாம் நலமா என்று மகன் இந்தியில்தான் கேட்பான். நாகையா தமிழில்தான் பதில் சொல்வார்.

"நல்லா கீறேன்."

"ஷம்சு சாச்சா போன் செய்தார்." ரவீந்திரா அவசரமாகப் பேசினான். "கால் என்னவோ ஆயிருக்கு, வீட்டுக்குள்ள என்னவோ இருக்குன்னார். புதன்கிழமைக்கு டிக்கெட் பிடிச்சு வெச்சிருக்கேன் பா. மறைக்காதீங்க. வான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, வந்துடறேன்."

நாகையாவின் வாய் திறந்தது. அந்த வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. வந்தால் மகன் அந்தக் கதவைத் திறப்பான். பார்ப்பான். அப்பன் கண்ணுக்கு ஆண் பெண் தெரியவில்லை என்பதைப் பார்ப்பான். பிறகு பூட்டை எடுப்பான்.

அப்போது சத்தம் கேட்டது. சன்னமாக. ஈரமாக. நார் நாராகக் கிழிபடும் சத்தம். கீழே, மேஜைக்கு அடியில்.

"அது என்ன சத்தம் பா?"

வலி இல்லை. ஒன்றுமே இல்லை. தரை மட்டும் வெதுவெதுப்பாக நனைந்து, வலது பாதம் வரை வந்திருந்தது. அந்தக் காலில் உணர்ச்சி உண்டு.

"பா?"

"கரும்பு கடிக்கறேன்" என்றார் நாகையா.

மறுமுனையில் ஒரு நீண்ட மூச்சு. பிறகு சிரிப்பு. "சக்கரையை வெச்சுக்கிட்டு! நீங்க மாறவே மாட்டீங்க. அப்போ டிக்கெட்டை விட்டுடவா?"

"வுட்டுடு. வூட்டுக்கு ஒண்ணும் இல்ல. எல்லாம் நல்லா இருக்கு."

போனை வைத்தார். முதுகு நிமிர்ந்தே இருந்தது. எழுந்திருக்கப் பார்த்தார். இடது பக்கம் ஊன்ற ஒன்றும் இல்லை.

துரத்தக் கூடாது. அசையக் கூடாது.

மேஜைத் துணியை விரலால் மெல்ல விலக்கினார். கண்ணை மறைத்த வெண்புகைக்குள் முதலில் தரை. பிறகு முகங்கள். வரிசை வரிசையாக. துளையிலிருந்து இன்னும் வந்துகொண்டிருந்தன. கண் திறந்தே பிறந்த குட்டிகள் இடையிடையே. அத்தனை வெள்ளைக் கண்களும் ஒரே நேரத்தில் அவரை நோக்கி உயர்ந்தன.

எல்லாவற்றுக்கும் முன்னால், எலும்பாக நீண்ட வாலோடு ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. சுண்டுவிரல் நீளத்துக்கு எதையோ இரண்டு கைகளாலும் ஏந்தி, மெல்லச் சுற்றிச் சுற்றி, மரியாதையாகக் கடித்தது.