சுண்ணாம்புக் கோடு

பதினேழு ரூபாய் ஐம்பது காசு. காவேரி பொன்னுவேலுக்குத் தர வேண்டிய கடன் அவ்வளவுதான். ஆனால் அவன் யாரென்று கூட அவளுக்கு அப்போது தெரியாது...

ஏற்காடு கிளப் ஆபீஸ். மாலை ஆறு அடிக்கப் பத்து நிமிடம். ஆறு மணிக்குள் ஐம்பது ரூபாய் கட்டிப் பெயர் எழுதினால்தான் பெண்கள் டென்னிஸ் பந்தயத்தின் தகுதிச் சுற்றில் ஆடலாம். அதில் இரண்டு ஆட்டம் ஜெயித்தால் பெரிய பந்தயத்தில் இடம். சேலத்தில் மட்டைக்கு நரம்பு மாற்றியது போக அவள் கையில் முப்பத்திரண்டரை ரூபாய்தான் மிச்சம்.

"மீதிய நாளைக்குக் கட்டிடறனுங்க..."

"நாளைக்குன்னா அடுத்த வருசம் ஆடிக்கலாம் அம்மிணி," என்று கிளப் கணக்கு எழுதும் ரைட்டர் கிறிஸ்துதாஸ் பேனாவை மூடினார்.

அப்போது மேசைமேல் ஒரு கை வந்தது. விரல் இடுக்கெல்லாம் சுண்ணாம்பு. கசங்கிய நோட்டையும் சில்லறையையும் எண்ணி வைத்தது.

காவேரி நிமிர்ந்தாள். மழை வருவதற்கு முன்னே மலை கறுக்குமே, அப்படி இரண்டு கண்கள்...

"உங்கள யாருங்க கேட்டா?"

"யாரும் கேக்கலீங்க."

"அப்பறம் எதுக்குங்க குடுத்தீங்க?"

"அதானுங்க எனக்கும் வெளங்கல."

சொல்லிவிட்டுப் போயே போய்விட்டான். டென்னிஸ் கோர்ட்டுக்குச் சாணி மெழுகி, ரோலர் இழுத்து, கோடு போடுகிற கூலிக்காரன் பொன்னுவேல் என்று ரைட்டர் சொன்னார். அது அவனுக்கு ஒன்றரை நாள் கூலியாம். காவேரிக்குக் கோபம் வந்தது. கோபம்தானா அது? அவளுக்கே சரியாகத் தெரியவில்லை...

மறுநாள் முதல் ஆட்டத்துக்கு முன் அவன் குனிந்து கோடு போட்டுக்கொண்டிருந்தான். அவள் வேண்டுமென்றே பக்கத்தில் போய் நின்றாள்.

"ஏனுங்க, கோடு கோணலா இருக்குது."

"கோடு நேராத்தானுங்க இருக்குது. பாக்கற கண்ணுதான்..."

"கண்ணுக்கு என்னவாம்?"

"ஒண்ணுமில்லீங்க..."

அவன் காது சிவந்துவிட்டது. கையிலிருந்த சுண்ணாம்புச் சட்டி ஆடி, உண்மையாகவே ஒரு கோடு கோணிக்கொண்டது. அவள் சிரித்தாள். அன்று அவள் ஜெயித்தாள்.

சாயங்காலம் குழாயடியில் மட்டையைத் துடைத்தபடி அவனிடம் தன் கதையைச் சொன்னாள். அப்பா சேலத்து கிளப்பில் துரைமார்களுக்குப் பந்து அடித்துக் கொடுக்கும் மார்க்கர். பெரிய பந்தயத்தில் ஆடினால் ரயில்வே ஆட்கள் பார்ப்பார்கள். வேலை கிடைக்கும். இன்னும் ஒரு ஆட்டம்தான்.

"நொம்ப நல்லா ஆடுவீங்க. கெடச்சிரும்," என்றான் பொன்னுவேல். மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தான். கூலிக்காரன் பேசுகிற பேச்சா இது என்று தன்னையே வைதுகொண்டு ரோலரைத் தேடிப் போனான்.

இரண்டாம் நாள் எதிரில் பெங்களூர்ப் பெண். மேகம் கோர்ட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருந்தது. கடைசி செட். இந்தப் புள்ளி போனால் காவேரியின் ஆட்டம் முடிந்தது.

பெங்களூர்ப் பெண் அடித்த பந்து காவேரியின் பின்கோட்டை ஒட்டி விழுந்தது. கோட்டைத் தொட்டாலும் பந்து உள்ளே என்றுதான் கணக்கு.

"அவுட்!" என்றாள் காவேரி.

தகுதிச் சுற்றில் கோடு பார்க்க ஆள் கிடையாது. தன் பக்கத்துப் பந்தைத் தானேதான் சொல்ல வேண்டும். எதிராளி ஒப்பவில்லை. நடுவராக நின்ற ரைட்டர் வந்து குனிந்தார். ஈரத் தரையில் இரண்டு தடம் இருந்தது. எது புதுசு?

"பொன்னு, மெழுகினவன் நீதான். இதுல எதுடா இப்ப விழுந்தது?"

பொன்னுவேல் வந்து குந்தினான். காவேரி அவனையே பார்த்தாள். அந்தப் பார்வையில் கெஞ்சலா, பயமா... அவனுக்குப் பிடிபடவில்லை. வெளித்தடத்தைக் காட்டினால் போதும். ஒரு விரல்தானே...

அவன் விரல் உள்தடத்தைத் தொட்டது.

"இதுதானுங்க. சுண்ணாம்புல பட்டிருக்குது."

ஆட்டம் முடிந்தது.

ஏரிப்பக்கம் சேலம் பஸ் நின்றது. தூறல். தோற்றவர்களுக்கு வழிச்செலவுக்கென்று கிளப்பில் கொடுத்த நாற்பது ரூபாயோடு காவேரி படிக்கட்டுக்குக் கீழே நின்றிருந்தாள். சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பொன்னுவேல் ஓடி வந்தான். எதற்கு வந்தோம் என்று வந்த பிறகுதான் யோசித்தான்.

"இந்தாங்க பதினேழரை. எண்ணிக்கங்க."

"வேண்டாமுங்க... என்னாலதான் உங்க வேலை..."

"வாங்கிக்கங்கன்னா!"

வாங்கினான். ஈரக் காசு. அவ்வளவுதான் போல என்று திரும்பினான்.

"எங்க போறீங்க?"

"கணக்குத்தான் முடிஞ்சு போச்சுங்களே..."

"மனசுல இருக்கறதக் கடன்காரியா நின்னு சொல்லக் கூடாதுன்னுதான் மொதல்ல காசக் குடுத்தேன். காசுக்குச் சொன்ன மாதிரி ஆயிருமுல்ல." அவள் குரல் தாழ்ந்தது. "அந்தப் பந்து கோட்டுல பட்டதை நானும் பாத்தனுங்க."

"பாத்துட்டா அவுட்டுன்னீங்க?"

"ரயில்வே வேலைதான் கண்ணு முன்னால நின்னுச்சு. நீங்களும் எனக்காகப் பொய் சொல்லியிருந்தா ஜெயிச்சிருப்பேன். அப்பறம் உங்க மூஞ்சிய நெனைக்கவே புடிச்சிருக்காது..."

"இப்பங்க?"

"இப்ப அதைத் தவிர வேற நெனப்பே இல்லீங்க."

தூறல் இரண்டு பேர் முகத்திலும் விழுந்தது. துடைக்க யாருக்கும் தோன்றவில்லை.

"எதுக்குக் குடுத்தேன்னு அன்னைக்குக் கேட்டீங்களே..." என்றான் அவன் மெதுவாக. "உங்கள மொதல்ல பாத்தப்பவே மனசு போயிருச்சுங்க. கை தானா குடுத்திருச்சு. எனக்கு இப்பத்தான் வெளங்குது."

காவேரி தலையைக் குனிந்துகொண்டு படியேறினாள். பாதியில் நின்றாள்.

"எங்கப்பா கோர்ட்டு வேலைக்கு ஆள் தேடறாருங்க. கோணாம கோடு போடற ஆளா இருக்கோணுமாம். வேற ஏதாச்சும் கேக்கறதுன்னாலும் அவருகிட்டயே கேட்டுக்கலாம்..."

கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் நகர்ந்தது. பொன்னுவேல் இரண்டு எட்டு ஓடிக் கம்பியைப் பிடித்துத் தொற்றினான். மூடியிருந்த கையைக் கண்டக்டர் முன்னால் திறந்தான்.

"சேலத்துக்கு ரெண்டு டிக்கெட்டுங்க."