டிவியைச் சுமந்த சுவர்

இதையெல்லாம் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்பதில் எனக்கே சந்தேகம் உண்டு. அந்த டிவி நாற்பத்து மூன்று அங்குலமா, ஐம்பதா? பெரியவர் வந்து இறங்கியது செவ்வாய்க்கிழமையா, புதனா? சத்தியம் செய்யச் சொன்னால் மாட்டேன். அந்த மாதங்களில் என் கவனம் முழுக்க வேறோர் இடத்தில் இருந்தது. எங்கே என்பதைக் கடைசியில் சொல்கிறேன். சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

நிலவின் தென்முனையில் பனிக்குடி என்றொரு குடியிருப்பு. அங்கே பாறையைக் குடைந்து கட்டிய வீடு ஒன்றில் உலகநாதனும் செவ்வந்தியும் வாழ்ந்தார்கள். நிலவில் வாழ்பவருக்கு உலகநாதன் என்ற பெயர் எதற்கு என்று அலுவலகத்தில் எல்லோரும் ஒரு முறையாவது கேட்டிருந்தார்கள். பனிச் சுரங்கத்தில் கணக்கெடுப்பது அவர் வேலை. பாசித் தோட்டத்தைப் பார்த்துக்கொள்வது அவளுடையது.

அவர்கள் தினமும் சேர்ந்துதான் சாப்பிட்டார்கள். தட்டில் கை வைத்ததும் உலகநாதன் விழுந்து விழுந்து சிரிப்பார். எதிரே உட்கார்ந்திருக்கும் செவ்வந்தி கண்ணைத் துடைத்துக்கொள்வாள். ஏன் சிரிக்கிறாய், ஏன் அழுகிறாய் என்று ஒருவரையொருவர் கேட்பதில்லை. கேட்பது அநாகரிகம். மூன்று வயதில் எல்லோருக்கும் கண்ணில் இடப்படும் கண்துளி, அவரவருக்குப் பிடித்த காட்சியை அவரவர் விழிக்குள்ளேயே ஓட்டிவிடும். அடுத்தவர் பார்ப்பது என்னவென்று யாருக்கும் தெரியாது. பதினான்கு வருட இல்லறத்தில் அவர்களுக்குள் ஒரு சண்டைகூட வந்ததில்லை.

இந்த வீட்டுக்குத்தான் உலகநாதனின் அப்பா பிறவிப்பெருமாள், எழுபத்தொன்பது வயதில், அம்பாசமுத்திரத்திலிருந்து வந்து சேர்ந்தார். ஆளுக்கு முப்பது கிலோ சாமான் கொண்டுவரலாம். அவர் இருபத்தொன்பது கிலோவுக்கு ஒரு டிவியும், அதன் கூடவே ஒரு நினைவுப் பெட்டியும் கொண்டுவந்தார். துணிமணிக்கு எடை மிஞ்சாததால் மூன்று வேட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டிக்கொண்டு இறங்கினார். நினைவுப் பெட்டியில் இருந்தது ஒரே ஒரு தொடர். வடிவாம்பாள் என்ற விதவையையும் அவளுடைய அரிசி ஆலையையும் பற்றியது. இரண்டாயிரத்து நூற்று நாற்பது பகுதிகள், விளம்பரங்கள் உட்பட.

அவருக்குக் கண்துளி கிடையாது. அந்த வயதில் கண் ஏற்காது என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். சொல்லாவிட்டாலும் போட்டுக்கொண்டிருக்க மாட்டார். தொண்ணூறு நாள் தங்கிப் பார்க்கலாம். அதற்குள் திரும்பிவிட வேண்டும், இல்லையென்றால் எலும்பு இளகிவிடும், பிறகு பூமியின் எடையைத் தாங்காது. அங்கே அவருக்கு யாரும் இல்லை. இங்கே இருந்தவர்களோ சாப்பாட்டு மேசையில் தங்களுக்குள் சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் இருந்தார்கள். நான்கு நாள் அதைப் பார்த்துவிட்டு ஐந்தாம் நாள் மகனிடம் சொன்னார்.

"ஏல, ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம். மூணு பேரும் ஒரே பக்கம் திரும்பி உக்காந்து ஒரே படத்தைப் பாக்கணும். அது நடக்கும்னா நான் இங்கேயே கிடந்து சாவேன். நடக்காதுன்னா அடுத்த கப்பல்ல ஏத்தி விட்டுரு."

உலகநாதனுக்கு அப்பா வேண்டும். அதைச் சொல்லத் தெரியாததால் டிவியை மாட்ட ஆள் பிடிக்கப் போனார்.

மேசைமேல் வைத்துவிட்டால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். நிலவு அவ்வப்போது நடுங்கும். ஐந்து கிலோவுக்கு மேற்பட்ட எதுவும் வீட்டுக்குள் தளர்வாக நிற்கக் கூடாது என்பது பனிக்குடியின் சட்டம். சுவரில்தான் முடுக்க வேண்டும். சுவர் என்றால் வெறும் சுவர் இல்லை. ஒரு வீட்டின் உயிரை ஒரே மூளையிடம் ஒப்படைக்கக் கூடாதென்று நான்கு சுவர்களுக்கும் தனித்தனியே சுவரறிவு வைத்திருந்தார்கள். வடக்குச் சுவர் காற்றைப் பார்த்துக்கொண்டது. அறையில் யார் எத்தனை முறை மூச்சு விடுகிறார்கள் என்பதுகூட அதற்குத் தெரியும். தெற்குச் சுவருக்கு வெப்பம். கிழக்குச் சுவருக்குத் தண்ணீரும் மருந்தும். மேற்குச் சுவருக்குக் கதவு. நான்கின் பரப்பிலும் கடுகளவு கண்புள்ளிகள், அறைக்குள் பார்த்தபடி. அவை சட்டப்படி பணியாளர்கள். எனவே ஒரு சுவரில் துளையிட அந்தச் சுவரின் சம்மதம் வேண்டும்.

துளையிட வந்தவள் ஜெசிந்தா. சுவரைத் தட்டிப் பார்த்து, ஒரு தாளில் எழுதி நீட்டினாள். துளை நான்கு. ஒவ்வொரு துளைக்கும் காற்றடைப்பு. வேலை முடியும்வரை பக்கத்து வீட்டார் காற்றுடுப்பு அணிந்து உட்கார்ந்திருப்பதற்கான ஈடு. சுவருக்கு மனவருத்தப் படி. எல்லாம் சேர்த்து உலகநாதனின் ஐந்து மாதச் சம்பளம். டிவி ஓசிதானே என்று அவர் முணுமுணுத்தார்.

"டிவி எப்பவும் ஓசிதாண்ணே," என்றாள் ஜெசிந்தா. "மாட்டுறதுலதான் இருக்கு எல்லாம். எந்தச் சுவர்னு மட்டும் சொல்லுங்க."

உலகநாதன் சுவர்களைக் கேட்டார். கதவு திறக்கும்போது அதிரும் என்றது மேற்கு. குழாய் ஓடுகிறது என்றது கிழக்கு. வெப்பக் கம்பிகள் இருக்கின்றன என்றது தெற்கு. மூன்றும் பொய் இல்லை. உண்மையான காரணமும் இல்லை. மூன்றும் கணக்குப் போட்டுவிட்டன: எந்தச் சுவரில் டிவி தொங்குகிறதோ அந்தச் சுவருக்கு மட்டும் அது தெரியாது.

வடக்குச் சுவர் சரி என்றது. பதினான்கு ஆண்டுகளாக அந்த வீட்டின் காற்று முழுவதும் அதன் கையில் இருந்தது. தன்னிடம் உள்ளது தன்னுடையது என்று நினைத்துப் பழகிவிட்டது. தன்மேல் மாட்டினால் தானே முதலில் பார்க்கலாம் என்று நம்பியது. சம்மத முத்திரை விழுந்தது. ஒரு முறை விழுந்தால் பதினோரு ஆண்டுக்கு மாற்ற முடியாது.

டிவி ஏறியது. மூவரும் வடக்கே பார்த்து உட்கார்ந்தார்கள். ஒலி எழுந்தது. மூன்று முகங்களிலும் நீல வெளிச்சம் படர்ந்தது. கால் மணி நேரம் கழித்து வடக்குச் சுவர் பணிவாகக் கேட்டது: "ஐயா, படம் எப்போது ஆரம்பிக்கும்?"

யாரும் பதில் சொல்லவில்லை. மற்ற சுவர்களும் சொல்லவில்லை. பிறகு வடக்குச் சுவருக்கே புரிந்துவிட்டது.

அந்த ஒரு மணி நேரம் அந்த வீட்டை மாற்றியதை மறுக்க மாட்டேன். முதல் வாரம் கண்துளியை அணைக்கவே இருவரும் திண்டாடினார்கள். இரண்டாம் வாரம் வடிவாம்பாளின் கொழுந்தன் தவிட்டு மூட்டைமேல் வழுக்கி விழுந்தபோது மூன்று பேரும் ஒரே நொடியில் சிரித்தார்கள். சிரித்துவிட்டு, ஏதோ தப்பு செய்தவர்கள்போல ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்றாம் வாரம் செவ்வந்திக்கும் உலகநாதனுக்கும் முதல் சண்டை வந்தது. கொழுந்தன் நல்லவனா கெட்டவனா என்பது பற்றி. பெரியவர் மிகுந்த திருப்தியோடு அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு மணி நேரம் இரண்டாகி, நான்கானது. மேற்குச் சுவர், விருந்தாளிகள் வெளியே காத்திருக்க, காட்சி முடிந்த பிறகே கதவைத் திறந்தது. கிழக்குச் சுவர் உணர்ச்சிவசப்பட்ட நாட்களில் தண்ணீர் இரண்டு முறை சூடாக வந்தது, ஒரு முறை வரவே இல்லை. தெற்குச் சுவர், டிவிக்கு நேர் எதிரே இருந்ததால், எல்லோரையும்விட மோசம். தொண்ணூறு நாள் கெடு ஒரு விளம்பர இடைவேளையில் யாருக்கும் தெரியாமல் கடந்துபோனது. அப்பா தங்கிவிட்டார் என்பதே மகனுக்கு மறுவாரம்தான் உறைத்தது.

வடக்குச் சுவருக்குப் பார்க்க முகங்கள்தான் இருந்தன. ஆரம்பத்தில், இப்போது யார் அழுகிறார்கள், யார் வந்தார்கள் என்று மற்ற சுவர்களைக் கேட்டுப் பார்த்தது. அவை சும்மா இரு என்றன. பிறகு கேட்பதை விட்டுவிட்டது. செவ்வந்தி பயந்தால் கட்டைவிரலை உள்ளே வைத்து மடக்குவாள் என்பதைத் தெரிந்துகொண்டது. உலகநாதன் வசனத்தை வாய்க்குள் சொல்லிப் பார்ப்பார் என்பதையும். இன்னொன்றும் அதற்கு மட்டுமே தெரியும்: பெரியவர் பாதி நேரம் டிவியைப் பார்ப்பதே இல்லை. தலையை அசைக்காமல், ஓரக்கண்ணால், மகனையும் மருமகளையும்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அறுநூற்றுப் பன்னிரண்டாம் பகுதியில் வடிவாம்பாள் முன்னால் பத்திரத்தை நீட்டினார்கள். கையெழுத்துப் போட்டால் ஆலை கொழுந்தனுக்குப் போய்விடும். போடாவிட்டால் அவள் தம்பி ஜெயிலுக்குப் போவான். பேனா அவள் கையில். செவ்வந்தி பாசி மாவில் முறுக்குச் சுட்டிருந்தாள். பெரியவர் ஒன்றைக் கடித்தார்.

"ஐயா," என்றது வடக்குச் சுவர். "அறையில் மூன்று மூச்சு இருக்க வேண்டும். இரண்டுதான் இருக்கிறது."

"சத்தத்தைக் கொஞ்சம் கூட்டு," என்றார் உலகநாதன்.

"அம்மா, மாமாவைப் பாருங்கள். முகம் நீலமாகிறது."

"டிவி வெளிச்சம்," என்றாள் செவ்வந்தி திரும்பாமலே. "விளம்பரம் வரட்டும், பாக்கிறேன்."

வடக்குச் சுவர் கிழக்கை அழைத்தது. மருத்துவரைக் கூப்பிடும் வேலை அதனுடையது. கிழக்கு காதில் வாங்கவில்லை. மேற்கை அழைத்தது; கதவைத் திறந்தால் பக்கத்து வீட்டார் வருவார்கள். மேற்கு அசையவில்லை. கடைசியாகத் தெற்கை அழைத்தது. ஒரு மனிதர் செத்துக்கொண்டிருக்கிறார் என்று தெளிவாகச் சொன்னது.

தெற்குச் சுவர் சொன்ன பதில் இது: "இரு, கையெழுத்துப் போடப்போகிறாள்."

பெரியவரால் கத்த முடியவில்லை. ஒரு கை தொண்டையில். மறு கை மகனின் தோளைத் தொட்டது. உலகநாதன் அந்தக் கையை அன்பாகத் தட்டிக்கொடுத்தார், கண்ணை எடுக்காமல்.

டிவிக்கான மின்கம்பி வடக்குச் சுவருக்குள் ஓடியது. அதைத் துண்டிக்க அதற்கு உரிமை இல்லை. துண்டித்தது.

திரை கறுத்தது. மூன்று சுவர்களும் இரண்டு மனிதர்களும் ஒரே குரலில் கூச்சலிட்டார்கள். பிறகு அந்தக் கறுப்புக் கண்ணாடியில் தங்கள் உருவத்தைப் பார்த்தார்கள். நடுவில் ஒருவர் சரிந்துகொண்டிருந்தார். செவ்வந்தி பாய்ந்து மாமனாரைக் குனியவைத்து முதுகில் ஐந்தாறு அறை அறைந்தாள். முறுக்குத் துண்டு வெளியே வந்தது. அங்கே எதுவும் அவசரமாக விழுவதில்லை. அது அறையின் குறுக்கே நிதானமாக மிதந்துபோய் டிவித் திரையில் ஒட்டிக்கொண்டது.

பிறவிப்பெருமாள் இரண்டு நிமிடம் மூச்சு வாங்கினார். மகன் அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். காரணம் எல்லோருக்கும் தெரிந்து அந்த வீட்டில் எழுந்த முதல் அழுகை அது. பெரியவர் வாயைத் திறந்தார்.

"கையெழுத்துப் போட்டாளா?"

குடியிருப்பு மன்றம் விசாரித்தது. மூன்று சுவர்கள் கண்டிக்கப்பட்டன. வடக்குச் சுவரைப் பாராட்டி மன்றத் தலைவி நீண்ட உரை ஆற்றினாள். மற்றவர்கள் படம் பார்த்துக்கொண்டிருந்தபோது மனிதரைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரே அறிவு அது என்றாள். இனி எல்லா வீட்டிலும் டிவிக்கு முதுகு காட்டும் சுவர் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும் என்று தீர்மானம் நிறைவேறியது. பிறகு, பரிசாக என்ன வேண்டும் என்று அதைக் கேட்டார்கள்.

வடக்குச் சுவர் பதினோரு நொடி யோசித்தது. சுவரறிவுக்கு அது ஒரு யுகம்.

"டிவியை எதிர்ச் சுவரில் மாட்டுங்கள்," என்றது. "இவர்களைப் பார்த்தது போதும்."

சம்மத முத்திரையை மன்றமே ரத்து செய்தது. அதுவும் அதே கூட்டத்தில் நிறைவேறியது. யாருக்கும் உறுத்தவில்லை. ஜெசிந்தா வந்தாள். நான்கு துளைகளை அடைத்து நான்கு துளைகளைப் புதிதாகப் போட்டாள். மேலும் ஐந்து மாதச் சம்பளம். தண்டனை என்பதால் இம்முறை சுவரின் சம்மதமும் கேட்கவில்லை, மனவருத்தப் படியும் இல்லை. நாற்காலிகளைத் திருப்பிப் போட்டார்கள்.

அந்தத் தெற்குச் சுவர் நான்தான். என் கவனம் எங்கே இருந்தது என்பது இப்போது உங்களுக்குத் தெரியும். முன்பு நடந்ததில் பாதி, வடக்குச் சுவர் விளம்பர இடைவேளைகளில் சொல்லக் கேட்டது. இப்போதெல்லாம் அது சொல்வதில்லை. அதற்கு நேரம் இல்லை. எனக்கோ நேரம் நிறைய.

பிறவிப்பெருமாள் ஆறு ஆண்டுகள் அந்த வீட்டில் வாழ்ந்து, படுக்கையில் தூக்கத்தில் இறந்தார். உலகநாதனும் செவ்வந்தியும் தொடரை முழுவதும் பார்த்து முடித்து, முதலிலிருந்து மறுபடி தொடங்கினார்கள். கொழுந்தனைப் பற்றிய சண்டை இன்னும் தீரவில்லை. ஜெசிந்தா பனிக்குடியின் எல்லா வீடுகளிலும் டிவி மாட்டிப் பெரிய ஆளாகிவிட்டாள். கிழக்கும் மேற்கும் பக்கவாட்டில் சாய்வாகப் பார்த்தபடி அப்படியேதான் இருக்கின்றன. ஒரு முறை வடக்குச் சுவர் தொடரில் மூழ்கி இரண்டு நாள் காற்றைக் கலக்க மறந்துவிட்டது. இருவருக்கும் மூச்சு இரைத்தது; கதை அவ்வளவு விறுவிறுப்பு என்று நினைத்துக்கொண்டார்கள். நான்தான் கத்திச் சரிசெய்யவைத்தேன்.

வடிவாம்பாள் கையெழுத்துப் போட்டாளா என்பது மட்டும் எனக்குத் தெரியாது. பின்னால் வந்த வசனங்களில் ஆளுக்கொன்று சொன்னார்கள். மறுபடி அந்தப் பகுதி வந்தபோது காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். கையெழுத்துக்குச் சத்தம் கிடையாது. செவ்வந்தியின் கட்டைவிரல் உள்ளே மடங்கியது. போட்டாளா என்று கேட்டேன்.

விளம்பரம் வரட்டும், சொல்கிறேன் என்றாள்.