அரை அங்குலச் சம்மதம்

பிரிவுக்குச் சம்மதம் என்று பதிவானபோது ஜெபக்கனியின் விரல் திரையைத் தொடவே இல்லை. அரை அங்குலம் தள்ளி நின்றது.

அது முன்னுணர்திரைகளின் காலம். விரலின் சாய்வையும் கண்ணின் போக்கையும் வைத்து, கை வந்து சேருமுன்பே திரை வேலையை முடித்துவிடும். அதற்கு மனிதர்களைவிட அவசரம். கண்ணாடியைத் தொடும் பழக்கமே மக்களுக்கு விட்டுப்போயிருந்தது. திரை உணர்ந்ததே ஒப்புதல் என்று சட்டமும் வந்துவிட்டது. தம்பதியரில் ஒருவர் சம்மதித்தாலே பிரிவு உறுதி. கணவன் ஸ்டான்லியின் பெயரில் ‘சம்மதமில்லை’ என்றுதான் பதிவாகியிருந்தது.

“கோவத்துல கைய நீட்டினேன், நெசந்தான்,” என்று குடும்ப மன்றத்தில் ஜெபக்கனி முறையிட்டாள். “பாதியிலயே மனசு மாறிட்டும்மா. அதுக்குள்ள அது முடிச்சிட்டு.”

நீதிபதி தமயந்திக்கு ஆவல் பிறந்தது. முன்னுணர்வு இல்லாத கருவியில் இருவரும் மறுபடி பதியட்டும் என்றார். தூத்துக்குடியில் பழைய கணினிகளைப் பழுதுபார்க்கும் ராவியா, ஒரு லினக்ஸ் மேசைக் கணினியையும் அந்தக் காலத்துத் தொடுதிரை ஒன்றையும் கொண்டுவந்து இணைத்தாள். படம் வந்தது. தொட்டால் அசையவில்லை.

“படந்தான் வந்துட்டே, இன்னும் என்ன?” என்று நீதிபதி எட்டிப் பார்த்தார்.

“இந்த வயரு படத்த மட்டுந்தான் கொண்டாரும்மா. தொட்டத மிஷினுக்குச் சொல்ல யுஎஸ்பி வயரு தனியா குத்தணும்.”

குத்தினாள். இப்போது ஓரிடத்தில் தொட்டால் வேறிடத்தில் புள்ளி விழுந்தது. அதைச் சரிசெய்ய நான்கு மூலைகளிலும் குறிகளைக் காட்டி, தொடும்படி ஸ்டான்லியிடம் சொன்னாள். அவன் விரல் குறிக்கு முன்னாலேயே நின்றுவிட்டது.

“தொடணும் அண்ணே. சும்மா காட்டினா இதுக்குப் புரியாது.”

“ஏன், பழுதா?”

“இல்ல. நீங்க தொடுற வரைக்கும் பொறுத்திருக்கும்.”

புள்ளிகள் சரியான இடத்தில் விழுந்ததும் ஜெபக்கனி வந்தாள். ‘சம்மதம்’ என்ற கட்டத்தின் அருகே வேண்டுமென்றே விரலை நிறுத்திப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. விரலை நகர்த்தி ‘சம்மதமில்லை’ என்பதைத் தொட்டாள். பதிவானது. சந்தோஷத்தில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

“உங்க முறையீடு சரிதான்,” என்றார் நீதிபதி. “ஸ்டான்லி, முறைக்கு நீங்களும் ஒருதரம் தொட்டுருங்க.”

ஸ்டான்லி விரலை நீட்டி, பழக்கதோஷத்தில் பாதியில் நிறுத்தினான். திரை காத்திருந்தது. அவன் யோசித்தான். தான் யோசிப்பது அவனுக்கே புதிதாக இருந்தது. ஒருமுறை மனைவியைத் திரும்பிப் பார்த்தான். பிறகு ‘சம்மதம்’ என்ற கட்டத்தை அழுத்தித் தொட்டான்.

“கை தவறிப் பட்டுட்டா?” என்று நீதிபதி கேட்டார்.

“இல்லம்மா.”

“என்னங்க, உங்களுக்குச் சம்மதமில்லன்னு அந்தத் திரையே சொல்லிச்சே,” என்றாள் ஜெபக்கனி.

“நான் விரலத் தூக்குறதுக்குள்ள அது பதில் சொல்லிரும் கனி,” என்றான் ஸ்டான்லி. “இத்தன வருசத்துல இன்னைக்குத்தான் ஒரு திரை என்கிட்ட ஒண்ணு கேட்டுட்டு, பதிலுக்குக் காத்திருந்துச்சு.”