கடைசி நாற்காலி

இருமல் வரிசை தவறாமல் வந்தது. அதைத்தான் சுகப்பிரியா முதலில் கவனித்தாள். ஏ.சி.க்கு அடியில் உட்கார்ந்திருக்கும் மேனேஜர் சுப்புராஜ் இருமுவார். அவர் முடித்ததும் அடுத்த நாற்காலி, அதற்கடுத்த நாற்காலி என்று, பந்தியில் சோறு பரிமாறிக்கொண்டு வருவதுபோல ஆள் ஆளாக நகர்ந்து, அவளுடைய கல்லூரித் தோழி ஜெகதீஸ்வரியிடம் வந்து நிற்கும். எல்லோருக்கும் ஒரே இருமல். சின்னதாக இரண்டு, பிறகு கம்மங்கூழின் அடிமண்டியை உறிஞ்சுகிற மாதிரி இழுவையாக ஒன்று. ஆணுக்கும் பெண்ணுக்கும், ஒல்லிக்கும் தடிக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. ஜெகதீஸ்வரி முடித்ததும் அறையில் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. வரிசையில் அடுத்தது சுகப்பிரியாவின் நாற்காலி. அதுதான் கடைசி. அந்த மௌனம் தனக்காகக் காத்திருக்கிறது என்று அவளுக்குத் தோன்றும்.

அருப்புக்கோட்டையில் பந்தல்குடி ரோட்டோரம், பழைய பஞ்சு குடோனின் மாடியில் இருந்தது அந்த ஆபீஸ். வெளிநாட்டு ஆஸ்பத்திரி பில்லுகளுக்காக இன்சூரன்ஸ்காரர்களோடு போனில் மல்லுக்கட்டுகிற வேலை. கொரோனா காலத்திலிருந்து பாலவனத்தத்தில் தன் வீட்டு மூலையில் உட்கார்ந்தே அதைச் செய்துவந்தாள். குறை என்று யாரும் சொன்னதில்லை. சித்திரையில் திடீரென்று உத்தரவு வந்தது, எல்லோரும் ஆபீசுக்கு வந்தாக வேண்டும், மிஷினில் விரல் வைத்தால்தான் சம்பளம் என்று. ஒன்றாக உட்கார்ந்து வேலை பார்த்தால்தான் ஒற்றுமை வரும் என்றார் சுப்புராஜ். வந்தது ஒற்றுமை, இருமலாக.

வேறு யாராவது என்றால் ஒரு இருமலுக்கு இவ்வளவு பயப்பட மாட்டார்கள். அவள் புருஷன் பாண்டீஸ்வரனுக்குப் போன வருஷம் கிட்னி மாற்றியிருந்தது. கொடுத்தவள் அவள்தான். இடது விலாவுக்குக் கீழே வெட்டித் தைத்த தழும்பு குளிரில் இன்னும் இழுக்கும். அவளுடைய கிட்னியை அவன் உடம்பு தள்ளிவிடாமலிருக்க அவன் காலையும் மாலையும் மாத்திரை விழுங்கினான். அந்த மாத்திரை உடம்பின் கதவைத் திறந்தே போட்டிருக்கும், எந்தக் கிருமியும் நுழையலாம், சாதாரணச் சளியே ஆளைக் கொண்டுபோய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாத்திரைச் செலவை ஆபீஸ் இன்சூரன்ஸ் தாங்கியது. வேலையை விட்டால் மாத்திரை இல்லை. வேலைக்குப் போனால் இருமல். முன்னால் போனால் கடிக்கும், பின்னால் போனால் உதைக்கும் என்கிற கதைதான்.

அந்தச் சீமை காய்ந்த சீமை. துப்பிய எச்சிலை மண் அந்த நிமிஷமே குடித்துவிடும். ரோட்டில் செத்த நாய்கூட நாற நேரமில்லாமல் கருவாடாகிவிடும். அந்த மாடியில் மட்டும் எதுவும் காயவில்லை. குளிர் வெளியே போகக்கூடாதென்று ஜன்னல்களில் கறுப்புத்தாள் ஒட்டி ஆணியடித்திருந்தார்கள். கதவைத் திறந்ததும் ஊறவைத்து மறந்துபோன துணியின் வாடையும், தைல வாடையும், இரண்டுக்கும் அடியில் திரிந்த பாலைப்போல ஒரு இனிப்பு வாடையும் முகத்தில் வந்து அப்பும். விரல் வைக்கிற கண்ணாடி எப்போதும் வெதுவெதுப்பாக, மூக்கு துடைத்த விரல்களின் கொழகொழப்போடு இருக்கும். விரலை எடுத்தால் மெல்லிசாக ஒரு நூல் கூடவே வரும். இரண்டு ஷிப்டுக்கும் பொதுவான ஹெட்செட்டில் வாய்ப்பக்கம் இருந்த பஞ்சை ஒருநாள் காகிதத்தால் அழுத்திப் பார்த்தாள். மஞ்சளாக வடிந்தது. அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

இருமுகிற யாரும் லீவு போடவில்லை என்பதுதான் இன்னும் விகாரம். யாரும் மெலியவுமில்லை. எண்ணெய் தேய்த்த மாதிரி கன்னம் மினுங்க, ஒருத்தர் தம்ளரில் இன்னொருத்தர் வாய் வைத்துக் குடித்துக்கொண்டு, சந்தோஷமாக இருந்தார்கள். மருந்தாவது குடியேன் என்று ஜெகதீஸ்வரியிடம் சொல்லிப் பார்த்தாள்.

"எதுக்குடி?" என்றாள் ஜெகதீஸ்வரி. "மொதல்ல தொண்டைல முள்ளு குத்துன மாதிரி இருக்கும். அப்புறம் எல்லாருக்கும் ஒரே மூச்சு. தனியா இருக்கவே தோணாது."

வீட்டுக்கு வந்தால் சுகப்பிரியா முன்வாசலை மிதிப்பதில்லை. பின்பக்கம் போய், உடுப்பை வெந்நீரில் அமுக்கி, தோல் எரிகிற மட்டும் தேய்த்துக் குளித்த பிறகே உள்ளே வருவாள். படுக்கை வேறு அறை. பேச்சு நிலைப்படியில் நின்றபடி. பாண்டீஸ்வரன் முதலில் சிரித்தான், பிறகு சிரிப்பதை விட்டான்.

"வருஷம் ஒண்ணாச்சு, ஒரு ஆளு இந்தப் படி ஏறல," என்றான். "உசுரோட இருக்கனா இல்லையான்னு எனக்கே சந்தேகமா இருக்கு சுகா."

அவள் நிலைப்படியை விட்டு நகர்ந்தாள். அவன் உயிரோடு இருந்தால் போதும். கோபத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஜெகதீஸ்வரியின் பிறந்தநாளுக்குக் கேக் வந்தது. எல்லோரும் சுற்றி நின்றார்கள். அவள் மெழுகுவர்த்தியை ஊதவில்லை, இருமி அணைத்தாள். வெள்ளைக் க்ரீமின் மேல் சிறுசிறு குமிழாகத் தெறித்து நின்றது. கைதட்டினார்கள். ஒரு துண்டை எடுத்து சுப்புராஜுக்கு ஊட்டினாள். அவர் கடித்த மிச்சம் அடுத்தவருக்கு, அந்த மிச்சம் அதற்கடுத்தவருக்கு. வாய் வாயாக அதே துண்டு வந்தது. ஒவ்வொரு வாயும் அவள் விரல்களையும் சேர்த்துச் சப்பியது. சுகப்பிரியாவின் முன்னால் வந்து நின்றபோது அது கேக்காகவே இல்லை, கஞ்சியாக விரலிடுக்கில் வழிந்தது.

"நீ மட்டுந்தான் பாக்கி," என்றாள் ஜெகதீஸ்வரி.

ஊட்டுகிற கையைத் தட்டிவிடுவதைவிடப் பெரிய அவமரியாதை கிடையாது. அந்தக் கூச்சத்தில் ஒரு நொடி தயங்கினாள். அந்த நொடியில் பின்னாலிருந்து யாரோ அவள் முகத்து மாஸ்க்கை இறக்கிவிட்டார்கள். விரல்கள் பல்லைத் தாண்டின. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கேக் வெதுவெதுப்பாக இருந்தது, இன்னொருவர் நாக்கைப்போல.

விழுங்காமல் கழிவறைக்கு ஓடினாள். துப்பினாள். கொப்பளித்தாள். ரத்தம் வரும்வரை நாக்கை நகத்தால் வழித்தாள். தொண்டை அரித்தது. இருமவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு கண்ணீர் வழிய அடக்கினாள். கதவுக்கு வெளியே காலடிச் சத்தமே இல்லை, பேச்சும் இல்லை. எல்லோரும் அங்கேதான் நின்றார்கள். வெகுநேரம் கழித்து, ஒரே ஆள் விடுவதுபோல் ஒரே பெருமூச்சு கேட்டது.

மறுநாள் காலையில் போன் செய்து லீவு கேட்டாள். தனக்கு உடம்பு சரியில்லை என்றால், மற்றவர்களைப்போல அப்படியே ஆபீசுக்கு வரச்சொல்வார்கள். வீட்டுக்காரருக்கு முடியவில்லை என்று சொன்னாள்.

"முடியலையா?" என்றார் சுப்புராஜ். "அடடா. இத்தன நாளா சொல்லவே இல்லையேம்மா."

அவருக்குப் பின்னால் ஆபீஸ் முழுவதும் சத்தமில்லாமல் இருந்தது. ஒரு இருமல்கூட இல்லை.

விருதுநகர் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பரிசோதித்துக்கொண்டாள். படம் எடுத்தார்கள், தொண்டையில் லைட் அடித்துப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை, நெஞ்சு சுத்தமாக இருக்கிறது என்றார் டாக்டர். கிட்னி மாத்திரையை அரசாங்கத்திலேயே வாங்கிக்கொள்ளலாம், எழுதிப் போட்டால் போதும் என்று நர்ஸம்மா சொன்னதைக் கேட்டு அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. இனி அந்த மாடிப்படி ஏற வேண்டியதில்லை. திரும்பி வரும்போது பஸ் ஜன்னலில் முகத்தை வைத்து, கருவேலங்காட்டின் காய்ந்த சூட்டுக் காற்றை ஆசைதீர இழுத்துக்கொண்டாள். இன்றைக்கு முன்வாசல் வழியாகவே போய் அவன் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று நினைத்தாள்.

இருட்டிக்கொண்டு வரும்போது வீட்டை நெருங்கினாள். வாசலில் செருப்புகள்.

வரிசையாகக் கிடந்தன. முதலில் சுப்புராஜின் பழுப்புச் செருப்பு. கடைசியில் ஜெகதீஸ்வரியின் ரோஸ் செருப்பு. அதற்குப் பக்கத்தில், கதவோரம், பாண்டீஸ்வரனுடையது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஒருவருக்கு முடியவில்லை என்று காதில் விழுந்தபின் போய்ப் பார்க்காதவனை இந்தப் பக்கத்தில் மனுஷனாகவே மதிக்க மாட்டார்கள். சண்டைக்காரன்கூட ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து தலைமாட்டில் உட்காருவான். அது தெரிந்துதான் வருஷம் முழுக்க யார் கேட்டாலும் நல்லா இருக்காரு, நல்லா இருக்காரு என்றே சொல்லிச் சமாளித்தாள். நேரம் பார்த்து, தன் வாயாலேயே வெற்றிலை பாக்கு வைத்து அழைத்துவிட்டாள்.

கதவு திறந்தே கிடந்தது. ஊறிய துணி வாடை. தைலம். திரிந்த பால்.

கூடத்தில் விளக்கு போடவில்லை. சுவரோரம் நாற்காலிகள். பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிப் போட்டிருந்தார்கள். எல்லோரும் கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஆரஞ்சுப் பழம், ஹார்லிக்ஸ், பாதி கேக்.

கடைசி நாற்காலியில் பாண்டீஸ்வரன். உதட்டோரம் க்ரீம். கன்னம் மினுங்கியது.

"வா சுகா," என்றான். "எம்புட்டு நல்ல ஆளுக உங்க ஆபீஸ்ல. கையாலயே ஊட்டி விட்டாக."

எழுந்திருங்க என்று கத்த வாயைத் திறந்தாள். 

சுப்புராஜ் இருமினார்.

அடுத்தவர். அதற்கடுத்தவர். அவசரமில்லாமல். வரிசைப்படி. ஜெகதீஸ்வரி, அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே.

மௌனம்.

பாண்டீஸ்வரன் வயிற்றில் கை வைத்தான், அவளுடையது இருக்கிற இடத்தில். சின்னதாக இரண்டு. இழுவையாக ஒன்று.

அவளுடைய விலாவுக்குள், தழும்புக்கு அந்தப்பக்கம், எடுத்துக் காலியாகிப்போன அந்த இடத்தில், வெதுவெதுப்பாக ஏதோ அதே தாளத்தில் அசைந்தது.