ஸ்டே வாங்கின வூடு

ஜன்னலைத் தொறந்தா காத்து வரலை, ஈர சிமெண்டு வாசனைதான் வந்துச்சு. அந்தாண்ட செங்கல்.

சண்டாளன், இதையும் அடைச்சிட்டானான்னு ஃப்ளோரா வாய்விட்டே திட்டினா. ராயபுரத்துச் சந்துல ஜெரால்டோட வூட்டுல கடைசி போர்ஷன் அவளுது. மொத்தத்தையும் கருவாட்டு குடோனுக்கு விடணும்னு மத்த குடித்தனத்தையெல்லாம் அவன் கெளப்பிட்டான். இவ மட்டும் கோர்ட்டுக்குப் போயி ஸ்டே வாங்கினா. கட்டிக்கினு வந்த நாள்லேர்ந்து இருந்த வூடு, விட்டா எங்க போறது? வெளிய காலை வெச்சா அவன் பூட்டைப் போட்டுடுவான், நகராதீங்கன்னு வக்கீலம்மா சொல்லியிருந்துச்சு. அதனால உள்தாப்பா போட்டுக்கினு கெடந்தா. அவன் கரண்டைப் பிடுங்கினான், போனும் செத்துப்போச்சு. ஞாயித்துக்கெழமை மீஞ்சூர்லேர்ந்து மக ஜானட் வருவா, அதுவரைக்கும் தாங்கிட்டா போதும்.

அன்னிக்கு ஜொரம் வேற. துறைமுகத்துக்குப் போற கன்டெய்னர் லாரிங்க உறுமறதும், அதுக்கு நடுவுல கொத்துக்கரண்டி சாந்துச்சட்டியில சரக் சரக்குன்னு ஒரசறதும், தொண்டை வரைக்கும் எறங்கின கருவாட்டு வீச்சமும் ஒண்ணாக் கலந்து, கனவா நெசமான்னு புரியாமலே பொழுது போச்சு. முழிச்சப்போ கதவிடுக்குல வெளிச்சமில்ல.

தாப்பாளை எடுத்தா. செங்கல். மேல மட்டும் ஒரு கல்லு பாக்கி. அந்த இடுக்குல ஜெரால்டு மூஞ்சி.

"ஜெயிச்சிட்டீங்கக்கா. உங்களை வெளியேத்தக் கூடாதுன்னு கோர்ட்டு சொல்லிச்சு. நான் வெளியேத்தலியே."

கல்லு உக்காந்துச்சு. ரெண்டு தட்டு. அப்புறம் வெளிய செவுத்தை ஒட்டிக் கருவாட்டு மூட்டை விழற சத்தம். தொப். தொப். தள்ளினா. அசையல. அடிச்சா. மூட்டை சத்தத்தை முழுங்கிடுச்சு. கத்திக் கத்திக் கொரலும் போச்சு.

சமையக்கட்டுல தண்ணி போற ஓட்டை ஒண்ணு இருந்துச்சு, கைகூட நுழையாது. தரையோட தரையாப் படுத்து அதுல வாயை வெச்சுக்கினு கெடந்தா. எத்தினி நாளு, தெரியல.

ஓட்டை வழியா பாத்தா, வெளிய ஒரு ஜோடி செருப்பு. ஜானட் செருப்பு. ஃப்ளோரா வாங்கிக் குடுத்தது.

"அம்மா எங்கண்ணே?"

"காலி பண்ணிட்டாங்களேம்மா. உன்கிட்ட வர்றதாத்தான் சொன்னாங்க."

ஜானட்டுன்னு கூப்ட்டா. வெறும் காத்துதான் வந்துச்சு. ரோட்டுல லாரி ஒண்ணு போச்சு.

"இன்னாண்ணே இப்டி நாறுது?"

"குடோனும்மா. இனிமே நாறினுதான் இருக்கும்."

எந்த நாத்தத்தைச் சொல்றான்னு ஃப்ளோராவுக்குப் புரிஞ்சிபோச்சு. செருப்பு திரும்புச்சு. அவசர அவசரமா நடந்துச்சு.

ஓட்டைக்கு நேரா, சாந்துச்சட்டி வந்து உக்காந்துச்சு.